கிளாரிசா – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரக் கட்டுரையில் கிளாரிசா டிக்சன் ரைட் பற்றி, லண்டனில் பாரிஸ்டராக இருந்து சமையலுக்கு வந்தவர் என்று ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் திருநெல்வேலியில் பதினொரு வருடமாக வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனியர்களுக்கு நான்தான் சமைப்பேன். கோர்ட்டை விட்டுவிட்டு ஒரு மெஸ் போடலாம் என்று வீட்டில் சொன்னேன், படித்த படிப்பு வீணா என்று அம்மா அழுகிறார். அந்த அம்மாள் எப்படித் துணிந்தார்? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

அவர் துணிந்து விடவில்லை. வக்கீல் தொழில்தான் அவரை விட்டுப் போனது.

கிளாரிசா பிறந்தது 1947ல். அப்பா பெயர் பெற்ற அறுவை மருத்துவர், குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிறவர். மகள் மருத்துவம்தான் படிக்கவேண்டும் என்று நின்றார். அவரை எதிர்த்துத்தான் மகள் சட்டம் படித்தார், 21 வயதிலேயே பாரிஸ்டர் ஆனார். அந்த வயதில் அந்தக் கவுனைப் போட்ட பெண்கள் அங்கே கிடையாது என்பார்கள். 1975ல் அம்மா இறந்ததும் குடி பிடித்துக்கொண்டது. ஜின்தான், நாள் முழுக்க. கைக்கு வந்த பெரும் சொத்து அதில் கரைந்தது, பாரிஸ்டர் பட்டமும் பறிபோனது. அப்புறம் பிழைப்புக்காகப் பிறர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தார். உங்கள் அம்மாவிடம் இந்தப் பகுதியைச் சொல்லவேண்டாம்.

1987ல் குடியை விட்டார், பிறகு சாகும்வரை தொடவில்லை. எனக்கு அவரிடம் பெரிய மரியாதை இந்த இடத்தில்தான். அதன்பின் லண்டன் நாட்டிங் ஹில்லில் சமையல் புத்தகங்கள் மட்டுமே விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கோர்ட்டில் வாதாடியவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் எந்தப் புத்தகத்தை வாங்கவேண்டும், எதை வாங்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடங்களை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் பின்னால் டிவியில் நாம் பார்த்த கிளாரிசா உருவானது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

1996ல் பிபிசியில் ‘டூ ஃபேட் லேடீஸ்’, அதாவது ‘இரண்டு குண்டுப் பெண்மணிகள்’ என்ற சமையல் நிகழ்ச்சி வந்தது. நம் ஊர் கிளப்புகளில் தம்போலா என்ற எண் விளையாட்டு ஆடுகிறவர்களுக்குத் தெரியும், 88 வந்தால் அப்படித்தான் கூவுவார்கள். கூடச் சமைத்த ஜெனிஃபர் பேட்டர்சன் டிரையம்ஃப் பைக்கை ஓட்ட, கிளாரிசா சைட்காரில் உட்கார்ந்து வருவார், அந்த வண்டி எண்ணிலும் 88 இருக்கும். ஊர் ஊராகப் போய் இருக்கிற அடுப்பில் சமைப்பார்கள். கொழுப்பு என்றாலே ஊரே பயந்து கிடந்த காலம் அது, இந்த இருவரும் வெண்ணெயையும் க்ரீமையும் பன்றிக்கொழுப்பையும் அள்ளிப் போட்டார்கள். ஜெனிஃபர் பாட்டும் கதையுமாக இருப்பார், கிளாரிசாவோ இந்தப் பண்டம் எந்தக் காலத்தில் வந்தது, யார் சாப்பிட்டார்கள், இப்போது ஏன் சந்தையில் கிடைப்பதில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துவைப்பார். அது வக்கீல் பேச்சு, எம். கேட்க ஆளில்லாத கட்சிக்காரனுக்கு வாதாடுகிற பேச்சு. இப்போது கட்சிக்காரர்கள் வெண்ணெயும் சிறு விவசாயியும் கார்டூன் (cardoon) என்ற முள்செடியின் தண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். படிப்பு வீணா என்கிற உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

1999ல் ஜெனிஃபர் புற்றுநோயில் போனதோடு நிகழ்ச்சி நின்றது. கிளாரிசா தொடர்ந்து எழுதினார், 2011ல் இங்கிலாந்து உணவின் வரலாற்றையே தடிமனான புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை, குறிப்பாக நாய்களை விட்டு முயல் துரத்தும் போட்டிகளை அவர் ஆதரித்ததில். 2014 மார்ச்சில் எடின்பரோவில் இறந்தார், 66 வயது. செய்தியைப் படித்த அன்று வேலை ஓடவில்லை, பழைய டிவிடியை எடுத்துப் போட்டு இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் விஷயம். வக்கீல் உரிமமான சன்னதைத் திருப்பிக் கொடுக்கிற அவசரம் இப்போது வேண்டாம். கோர்ட் விடுமுறையில் ஒரு மாதம் தெரிந்த மெஸ் ஒன்றில் காலை நான்கு மணிக்குப் போய் நில்லுங்கள், காய் வாங்கவும் பந்தி பரிமாறவும் கல்லாவில் உட்காரவும். ஜூனியர்களுக்கு ஞாயிறு சமைப்பது வேறு, முன்பின் தெரியாதவர் காசு கொடுத்துச் சாப்பிடுவது வேறு. அது பிடித்திருந்தால் எனக்கு எழுதுங்கள், அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள் என்று எழுதவே இல்லையே?