நாக்-அவுட் அட்டவணையில் 'பை' யாருக்குப் போகும்?

தம்பி, சிபிஎஸ்இ பிளஸ் டூ உடற்கல்வியில் மற்றதெல்லாம் மனப்பாடம், நாக்-அவுட் (தோற்றால் வெளியே) அட்டவணை போட உட்கார்ந்தால்தான் 'பை' (bye, முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை) யாருக்கு என்று குழம்புகிறது என்கிறீர்கள். 19 அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி வரும் இரண்டின் அடுக்கு 32. அதில் 19 போக 13 பை. ஆட்டம் 18. மேல்பாதியில் 10 அணி, 6 பை; கீழ்ப்பாதியில் 9 அணி, 7 பை. ஒவ்வொரு பாதியிலும் அணியையும் பையையும் கூட்டினால் 16 வரணும், வந்தால் சரி.

முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு, அடுத்தது மேல்பாதியின் முதல் அணிக்கு, அப்புறம் கீழ்ப்பாதியின் முதல் அணிக்கு, நாலாவது மேல்பாதியின் கடைசி அணிக்கு. மீதியும் இதே வரிசையில் உள்நோக்கிப் போகும். இதைப் படித்தால் மண்டையில் ஏறாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டே பழகுங்கள். செய்முறைக்கு 30 மதிப்பெண் இருக்கிறது, ரெக்கார்டு நோட்டையும் இப்போதே முடித்துவிடுங்கள்.