ஸ்வெட்டரைப் பிரிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குன்னூரில் இருக்கும் என் பெரியம்மா எனக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருந்தார். எழுபதைக் கடந்தவர், பார்வையும் முன்போல் இல்லை. பல மாத உழைப்பு அது. போட்டுப் பார்த்தால் மார்பில் இறுக்குகிறது, கையோ விரல்களை மூடுகிறது. அவர் மனம் நோகக் கூடாதென்று, "கச்சிதமா இருக்கு பெரியம்மா" என்று போனில் சொல்லிவிட்டேன். டெய்லர் கத்திரி வைக்க மறுக்கிறார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் மனைவி. எனக்கோ பீரோவில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பிரித்துவிடச் சொன்ன நண்பரிடம் கோபித்துக்கொண்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நண்பரிடம் முதலில் சமாதானமாகிவிடுங்கள். அவர் சொன்னதுதான் சரி.

அம்மாவின் பின்னல் ஊசிகளைச் சில நாட்களாக எடுத்து வைத்துக்கொண்டு இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன். கொடுத்துவிடுவது பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அந்த அளவு சரியாக இருக்கிற, குளிரில் இருக்கிற ஒருவரை உங்களுக்கு நேரில் தெரியுமென்றால் கொடுக்கலாம். தெரியாமல் ஏதோ ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வருவதைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து கழித்துக் கட்டிய கம்பளி உடைகள் ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வந்து சேர்கின்றன. அங்கே பொத்தானை வெட்டியெடுத்து, நிறம் பிரித்து, எந்திரத்தில் நார் நாராகக் கிழித்து, மறுபடி நூற்று மலிவான போர்வையாக்குகிறார்கள். அதுவும் பயனுள்ள தொழில்தான். ஆனால் உங்கள் பெரியம்மா அதற்காகப் பின்னவில்லை.

டெய்லர் மறுத்ததும் நியாயமே. நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, வெட்டி ஓரம் அடித்தால் தாங்கும். கைப்பின்னல் அப்படியல்ல. ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்து வரிசை வரிசையாக ஏறிச் செல்வது அது. குறுக்கே வெட்டினால் கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவி ஓடும். ஆனால் கடைசியாகப் பின்னி முடித்த முனையைத் தேடிப் பிடித்து இழுத்தால், மாதக்கணக்கில் ஏறியது முழுவதும் நூலுக்குச் சேதமில்லாமல் இறங்கி வந்துவிடும். பின்னத் தெரிந்தவர்கள் காலங்காலமாக இதை நம்பித்தான் பின்னியிருக்கிறார்கள். பிரிட்டனின் கடற்கரை மீனவர்கள் அணிந்த கான்ஸி என்ற இறுக்கமான கம்பளிச் சட்டையில், கையைத் தோளில் தொடங்கி மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னிக்கொண்டு வருவார்கள். வலையும் கயிறும் உரசி முதலில் நைவது மணிக்கட்டுப் பக்கம்தான், அதை மட்டும் அவிழ்த்துப் புது நூலில் பின்னிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த வேலை அது. அதே நாட்டில் உலகப்போர் நடந்த 1941 ஜூன் மாதம் துணிப் பங்கீடு வந்தபோது பின்னல் நூலுக்கும் கூப்பன் வேண்டியிருந்தது, பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் குழந்தைகளுக்குப் பின்னுவது வீட்டுக்கு வீடு நடந்தது. எவரும் அதை அன்புக்குச் செய்த துரோகமாக நினைக்கவில்லை.

ஊட்டியில், மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும் ஒரு வீட்டில் வளர்ந்தவன் நான். அப்பாவுக்கு நுரையீரல் நோய் வந்து உடம்பு பாதியாக இளைத்தபோது, அம்மா முன்பு பின்னிக் கொடுத்திருந்த மெரூன் ஸ்வெட்டர் அவர் தோளிலிருந்து தொங்க ஆரம்பித்தது. கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் குளிர் உள்ளே போனது. "இருக்கட்டும், உடம்பு தேறினா சரியாயிடும்" என்று அப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. ஒருநாள் காலையில் இஞ்ச் டேப்பை எடுத்து வந்து அவரை வெயிலில் நிற்கவைத்து அளவெடுத்தாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். தன் உடம்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அம்மாவின் உதடு அங்குலக் கணக்கில் முணுமுணுப்பதைக் கேட்டபடி நின்றார். அன்று மத்தியானமே அம்மா ஸ்வெட்டரைப் பிரித்தாள். முதலில் பக்கத் தையல், பிறகு கழுத்து. இடியாப்பம்போல் நெளிந்து நெளிந்து வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடியில் தொங்கவிட்டாள். காய்ந்தபோது நெளிவெல்லாம் தளர்ந்திருந்தது. சிட்டத்தை நான் இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு உட்கார அவள் உருண்டையாகச் சுற்றினாள், என் கை ஆடினால் சிக்கு விழும் என்று அதட்டிக்கொண்டே. அப்பாவின் உடம்பு தேறவில்லை. ஆனால் கடைசிக் குளிர்காலத்தை அவர் தன் அளவுக்குச் சரியான ஸ்வெட்டரில் கழித்தார்.

இனி உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் பெரியம்மாவின் வயது இருக்கிறது, பார்வை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. அவர் எந்த அளவை வைத்துப் பின்னினார் என்பது மட்டும் இல்லை. அவருக்கு நீங்கள் உங்கள் மார்பளவைச் சொன்னீர்களா? கடைசியாக எப்போது அவர் முன்னால் போய் நின்றீர்கள்? பிழைக்குக் காரணம் அவர் கண்தான் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. மார்புச் சுற்று 40 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, அங்குலத்துக்கு 5 கண்ணி என்ற கணக்கில் ஒருவர் 200 கண்ணி ஏற்றுகிறார். பின்னும்போது கை சற்றே இறுகி அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி விழுந்துவிட்டால் அதே 200 கண்ணி 36 அங்குலத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அரைக் கண்ணிக்கு ஏறக்குறைய 4 அங்குலம் போய்விடுகிறது! பார்வை கூர்மையாக இருக்கிறவர்களுக்கும் இது நேரும். அதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பார்க்கிறார்கள், பாதியில் ஆளைக் கூப்பிட்டு மேலே வைத்தும் பார்க்கிறார்கள். உங்கள் பெரியம்மாவுக்குக் கூப்பிட ஆள் இல்லை. நினைவில் இருந்த உங்கள் பழைய உடம்புக்கே அவர் பின்னியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீங்கள் "கச்சிதமா இருக்கு" என்கிறீர்கள். பின்னுகிறவருக்கு வேண்டியது பாராட்டல்ல, எங்கே இறுக்குகிறது, எத்தனை அங்குலம் என்ற தகவல்தான். அதை மறைத்துவிட்டால் அடுத்த ஸ்வெட்டரையும் அவர் இதே அளவில்தான் தொடங்குவார். உங்கள் சொல்லை நம்பி இன்னும் பல மாதங்களை அதில் போடுவார்.

ஆகவே போனில் உண்மையைச் சொல்லுங்கள். கை நீளம் ஒரு பிரச்சினையே இல்லை, பார்டரை எடுத்துவிட்டு வேண்டிய இடத்தில் கண்ணிகளைப் பிடித்து மறுபடி பின்னிக்கொள்ளலாம். மார்புதான் பிரித்தாக வேண்டியது. அதை நீங்களே பிரிக்காதீர்கள். பிரிப்பதா, பக்கத்தில் பட்டை வைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை பின்னியவருக்கே உண்டு. அனுப்பும் முன் மெஷினில் போட்டுவிடவும் வேண்டாம். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு, வெந்நீரில் அடித்துத் துவைத்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மொத்தையாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. நூல் அக்ரிலிக்காக இருந்தால் மொத்தையாகாது, ஆனால் நெளிவு அவ்வளவு எளிதில் போகாது. எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தபாலில் அனுப்பாமல் குன்னூருக்கு நீங்களே எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றையும் கொண்டுபோங்கள், அளவெடுக்க நில்லுங்கள். பெரிதாக்கும்போது உல்லன் பற்றாமல் போகும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் வேறு சாயத் தொகுப்பில், அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றிய கட்டில், வந்த நூல் பக்கத்தில் வைத்தால் தனியாகத் தெரியும், ஆகவே பார்டரையும் மணிக்கட்டையும் வேறு நிறத்திலேயே போட்டுவிடுவது நல்லது. கடைக்குப் பெரியம்மாவையும் அழைத்துப் போங்கள். நிறத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.