தாளாளரோடு நடுராத்திரி வாக்குவாதம்

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. தேர்வு முடிவு வந்த பிறகு நடந்த கூட்டத்தில் தாளாளர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். அன்றிலிருந்து மனதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பதில் சொல்கிறேன், என்னையே திட்டிக்கொள்கிறேன். கூடவே படபடப்பு, உள்ளங்கையில் வியர்வை, தொண்டையில் அடைப்பு. முடியும் கொட்டுகிறது. சில ராத்திரி நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்றுகூடத் தோன்றும். காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் 17 இருக்கிறது. என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். இதுதான் அதன் ஆரம்பம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. மூன்று வாரமாக நாத்தனாரின் அல்பிரசோலம் மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறேன்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் மனச்சிதைவுக்கான அடையாளம் எதுவும் இல்லை. மனதுக்குள் பேசுவது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரிகிறது. அந்த நோயில் கேட்கும் குரல் வேறு யாரோ பேசுவதாக, காதில் விழுவதாக இருக்கும். சித்தப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மனதோடு பேசாத மனிதர் அபூர்வம். இணையத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அறிகுறி தேடினால் எல்லாருக்கும் எல்லா நோயும் வரும்.

என் கண் நின்ற இடம் வேறு. முடி கொட்டுவதற்கும் கார்ட்டிசாலுக்கும் நடுவில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி. தாளாளரைத் திட்டுவது கோபம். அதற்கு நான் பயப்படவில்லை. இந்த வரி மனச்சோர்வு நோயின் பேச்சு. உங்கள் குரலிலேயே பேசுவதால் அது நியாயம்போலத் தோன்றும். ‘சில ராத்திரி’ என்று வேறு சொல்கிறீர்கள், அதாவது திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். போனதும் படபடப்பு, தூக்கம் என்று சுற்றி வளைக்காமல் இந்த வரியை அப்படியே முதலில் சொல்லுங்கள். பலர் அதை மட்டும் விழுங்கிவிட்டுத் தூக்க மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடுகிறார்கள். வீட்டிலும் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நினைப்பு ‘எப்படி, எப்போது’ என்ற யோசனைக்கு நகர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தனியாகவும் இருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரை எழுப்பி விஷயத்தைச் சொல்லி, அவரோடு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

சரி, படபடப்புக்கு வருவோம். கூட்டம் முடிந்து இத்தனை நாள் ஆகியும் உடம்பு ஏன் இன்னும் துடிக்கிறது? ராத்திரி படுத்துக்கொண்டு நீங்கள் அந்தக் கூட்டத்தை மறுபடி நடத்துகிறீர்கள். அவர் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, வாய் அசைவதில்லை. ஆனால் எதிரே ஆள் இல்லை என்பது மூளையின் எச்சரிக்கை மணிக்கு ஒரு பொருட்டே இல்லை. சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும். இன்னொரு பாதை மெதுவானது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்ட்டிசால் வருகிறது. அது உச்சத்துக்குப் போக இருபது, முப்பது நிமிடம் ஆகும். இறங்குவதும் நிதானமாகத்தான். அது இறங்குவதற்குள் வாக்குவாதத்தின் அடுத்த சுற்றை ஆரம்பித்துவிட்டால் உடம்பு எப்போது ஓய்வது?

இதில் இன்னொன்றும் உண்டு. 2004-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கார்ட்டிசாலை மிக அதிகமாக ஏற்றியது கடினமான வேலை அல்ல. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், நம் கையில் எதுவும் இல்லை என்ற இரண்டும் சேர்ந்த நிலைமை. எல்லார் முன்னாலும் தாளாளரிடம் திட்டு வாங்குவது அச்சு அசல் அதுதான். ஆகவே உங்கள் உடம்பில் கோளாறு இல்லை. அதை அளவுக்கு மீறி வேலை வாங்குகிறீர்கள்.

பேச்சை நிறுத்து என்று மனதை அதட்டினால் நிற்காது. பேசும் விதத்தை மாற்றலாம். ‘நான் ஏன் இப்படி’ என்பதை விட்டுவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, தோழியிடம் பேசுவதுபோலக் கேளுங்கள்: “ஏன் பதறுறே? நாளைக்கு என்ன செய்யப் போறே?” சங்கப் பாட்டுத் தலைவன் தன் நெஞ்சை எதிரே நிறுத்திப் பேசுவானே, கிட்டத்தட்ட அதேதான். வேடிக்கையாகத் தோன்றலாம். 2017-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மூளைப் பதிவோடு செய்த சோதனையில், தன் பெயரைச் சொல்லி மௌனமாகப் பேசியவர்களின் மூளையில் உணர்ச்சிக் கொந்தளிப்பின் அடையாளம் ஒரு நொடிக்குள் குறைந்தது. அதற்காகப் பெரிதாக மெனக்கெட வேண்டியும் இருக்கவில்லை. அன்றாடப் பதற்றத்துக்கு இது உதவும். மேலே சொன்ன அந்த வரிக்கு இது மருந்தில்லை, அதற்கு மருத்துவர்தான்.

கார்ட்டிசால் 17 என்பது காலை நேரத்துக்குச் சாதாரண அளவு. அது காலையில் ஏறும், நள்ளிரவில் இறங்கும். அட்ரினல் அல்லது பிட்யூட்டரி நோயைச் சந்தேகிக்கும்போது செய்கிற பரிசோதனை இது. மனக்கவலையை இதில் அளக்க முடியாது. காசு போனது போகட்டும். அதற்குப் பதில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள், ஒரு ஈசிஜி எடுங்கள். படபடப்புக்கும் முடி கொட்டுவதற்கும் காரணம் அங்கேயே கிடைக்கலாம். சோறும் தண்ணீரும் சிக்காமல் இறங்குகிறது என்றால் தொண்டை அடைப்பை மறந்துவிடுங்கள்.

நாத்தனாரின் மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அவருக்கு எழுதிய மருந்து உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? அல்பிரசோலம் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், மனச்சோர்வை மேலும் அழுத்தவும் கூடும். அதற்காக இன்றே தூக்கி எறியவும் வேண்டாம். தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் படபடப்பும் இரட்டிப்பாகத் திரும்பும். சிலருக்கு வலிப்புகூட வரும். எப்படிக் குறைப்பது என்று மனநல மருத்துவர் சொல்வார். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள், மாத்திரையை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்துவைத்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அட்டையையும் எடுத்துப் போங்கள்.