வாசகர் கேள்வி பதில்: சாக்குக்கு மூன்று கிலோ

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களிடம் கிறிஸ்தவர்கள் நாம் எப்படி நடந்துகொள்வது என்ற ஒரே பொருளைச் சுற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ளது. பசுந்தேயிலை எடை போடும் கொட்டகையை ஒட்டிய தேநீர்க் கடையில் கருப்புச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் மாலைதோறும் உட்கார்ந்திருப்பார். எங்கள் சபையார் யாரைக் கண்டாலும், ‘மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் ஆட்கள் சாக்குக்கு மூன்று கிலோ கழிக்கிறார்கள்’ என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். இலை வாங்கும் ஏஜென்ட் எங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர். சென்ற மாதம் எங்கள் வாலிபர் சிலர் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்தப் பெரியவரை மிகவும் கேவலமாக எழுதி, இறந்துபோன அவர் மனைவியையும் பேச்சில் இழுத்துவிட்டார்கள். விசுவாசத்தைத் தற்காத்தோம் என்பது அவர்கள் வாதம். தடுத்த என்னைக் கோழை என்கிறார்கள். நான் செய்தது தவறா?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: தவறில்லை. இறந்துபோன ஒரு பெண்மணியை ஏசுவதற்குத் துணிச்சல் எதுவும் தேவையில்லை, கைப்பேசி இருந்தால் போதும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதால், நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பெரியவர் சொல்வது பொய் என்று நீங்கள் எந்த இடத்திலும் எழுதவில்லை.

எங்கள் வீட்டுக்கும் அரை ஏக்கர் தேயிலை உண்டு, ஆகையால் இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. மழை நாளில் பறித்த இலையில் தண்ணீர் நிற்கும். சாக்குக்கும் எடை உண்டு. அவற்றுக்காக ஓரளவு கழிப்பது நியாயமே, தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஆனால் பிப்ரவரி மாதத்து வெயிலில், சாக்குக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாலும் ஈரம் ஒட்டாத இலைக்கும் அதே மூன்று கிலோ கழிக்கப்படுமானால், அதற்குப் பெயர் தண்ணீர்க் கழிவு ஆகாது. காலிச் சாக்கைத் தராசுக் கொக்கியில் தனியே மாட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அந்தப் பெரியவர் அதைப் படித்திருக்கிறாரோ இல்லையோ, அதிகாரமும் எண்ணும் சொல்லாமல் அதே வசனத்தைத்தான் அவர் மாலைதோறும் உங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வாலிபர் எதைத் தற்காத்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உயிர்த்தெழுதலை அந்தப் பெரியவர் மறுத்ததாகக் கடிதத்தில் இல்லை. திரித்துவத்தை அவர் தொடவே இல்லை. அவர் தொட்டது ஒரு கமிட்டி உறுப்பினரின் தராசை. ஆகவே தற்காக்கப்பட்டது சபையின் மானம், அதாவது ‘நம்ம ஆள்’ என்ற பாசம். அந்தப் பாசம் எல்லாச் சமூகத்தாருக்கும் உள்ளதுதான், ஆனால் அதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டும்போதுதான் வம்பு வருகிறது.

வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1 பேதுரு 3:15, நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல’ ஆயத்தமாயிருக்கும்படி சொல்கிறது. அந்தக் காலத்து வேதாகமத் தமிழில் ‘உத்தரவு’ என்றால் மறுமொழி. இன்றைய வழக்கில் அது அதிகாரி போடுகிற கட்டளை ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் இன்றைய பொருளிலேயே அதைப் புரிந்துகொண்டு விட்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. சாந்தமும் வணக்கமும் காலண்டரில் அச்சாகும்போதே உதிர்ந்துவிடுகின்றன. இத்தனைக்கும் அந்த நிருபம், ஏச்சும் துன்பமும் பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. ஏசுகிறவர் மரியாதையாகப் பேசினால் நாமும் சாந்தமாக இருப்போம் என்ற நிபந்தனை அதில் இல்லை.

என் கதை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். குன்னூரில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், கடவுள் நம்பிக்கை இல்லாத சக ஆசிரியர் ஒருவரைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவர் கை கழுவப் பின்பக்கம் போனார். கொல்லையைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கென்று எங்கள் வீட்டில் ஓர் அலுமினிய டம்ளர், விளிம்பு நசுங்கியது, ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், எங்களுக்கெல்லாம் எவர்சில்வர். அவர் அதைப் பார்த்துவிட்டு, ‘இது யாருக்கு, சார்?’ என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு உட்கார்ந்து, கடவுள் இருக்கிறார் என்பதற்கு நான்கு பக்க ஆதாரம் எழுதி மறுநாள் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கேட்டது டம்ளரைப் பற்றி என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்த அம்மாவும் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

டம்ளர் என் வீட்டோடு நின்ற விஷயம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து அமர்வதற்கென்றே இரண்டு கூடங்களாகக் கத்தோலிக்கத் தேவாலயம் கட்டப்பட்டது 1872-இல். நடுவே இருந்த தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, பழைய ஏற்பாட்டை மீட்டுத் தரும்படி விசுவாசிகளே வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் அனுப்பியபோது, தஞ்சைப் பக்கத்தில் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. பெரியார் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியது 1925-இல். மதம் மாறியும் சாதி மாறாத கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள் வெளியிலிருந்து வந்த அவதூறு என்று சொல்லிக்கொள்கிறோம். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று பவுல் எழுதியதைத் தெரிந்தவர்கள், அந்தக் கேள்வியைப் பெரியாருக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். சிலர் கேட்கவும் செய்தார்கள். அவர்களையும் சபை ஏசத்தான் செய்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஏசியது எந்தக் குழுவிலோ அதே குழுவில் வருத்தம் தெரிவிக்கப்பட வேண்டும். நூறு பேர் பார்க்க எழுதியதற்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது கணக்கில் சேராது. அதன்பின் எழுதிய பையன்களில் இருவர், பெரியவர்கள் புடைசூழாமல், அவர் வீட்டுக்குப் போகட்டும். நற்செய்திக் கைப்பிரதி எதுவும் கொண்டுபோக வேண்டாம். ‘ஆனாலும் தாத்தா, நீங்களும்…’ என்று தொடங்கும் வாக்கியத்தை வாசலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். ஏஜென்ட் விஷயத்தில் மத்தேயு 18 காட்டும் வழி இருக்கிறது: முதலில் தனியாகப் போய்ப் பேசுவது, கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போவது, அதற்கும் கேட்காவிட்டால் சபையில் வைப்பது. தேநீர்க் கடையில் வைத்து அவரை அவமானப்படுத்த வேண்டாம். அவருக்கும் சாந்தமும் வணக்கமும் உரியவைதான். இவ்வளவும் செய்தால் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துவிடுவார் என்று யாரும் கனவு காண வேண்டாம். அவர் வருவதற்காகக் கேட்கப்படும் மன்னிப்பு வியாபாரம் ஆகிவிடும்.

கேள்வி: ‘தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்’ என்ற வசனத்தை நாத்திகர்களிடம் எடுத்துக் காட்டுவதில் என்ன தவறு? அது வேதத்தில் உள்ளதுதானே?
(ஒரு வாலிபர், உதகை)

பதில்: வேதத்தில் உள்ளதுதான். சங்கீதம் 14-ஐ முதல் வசனத்தோடு மூடிவிடாமல் நான்காம் வசனம் வரை படியுங்கள். அப்பத்தைத் தின்பதுபோல் ஜனங்களைத் தின்கிறவர்களைப் பற்றி அது பேசுகிறது. மேலும் அந்த மதிகேடன் இருதயத்தில் சொல்லிக்கொள்கிறவன். மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஊரறியக் கடவுள் இல்லை என்கிறவரிடம் ஒளிவுமறைவு ஏதுமில்லை. வாயில் ஸ்தோத்திரமும் மனத்தில் ‘கேட்பதற்கு யாரும் இல்லை’ என்ற தைரியமும் உள்ள ஆசாமி யார் என்று தேடினால், முந்தைய கேள்வியின் எடைக் கொட்டகைக்கே மறுபடியும் போய்ச் சேருவோம். சகோதரனை ‘மூடனே’ என்பவனுக்கு மத்தேயு 5:22 என்ன சொல்கிறது என்பதையும் வசனம் எடுத்துக் காட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர் கன்னிப் பிறப்பைக் கேலி செய்து பேசினார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? சட்டம் நமக்குச் சாதகமாக உள்ளது என்கிறார்களே?
(ஒரு சபை மூப்பர், கூடலூர்)

பதில்: சட்டம் இருக்கிறது. 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்யப்பட்ட அவமதிப்புக்கே அது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1957-லேயே தெளிவாக்கிவிட்டது. கேலிப் பேச்செல்லாம் அதற்குள் வந்துவிடாது. ஆலயத்தின்மேல் கல்லெறிந்தாலோ, ஆளை மிரட்டினாலோ தயங்காமல் காவல் நிலையம் போங்கள். அது எந்தக் குடிமகனும் செய்ய வேண்டியது. ஒரு நகைச்சுவைக்காகப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் மூப்பர் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உரோமப் பேரரசில் நாத்திகர் என்று பெயர் வாங்கியவர்கள் நாம். ஊரார் கும்பிட்ட தெய்வங்களைக் கும்பிடாததால் அந்தப் பட்டம் கிடைத்தது. சிமிர்னாவின் முதிய பேராயர் பொலிகார்ப், இரண்டாம் நூற்றாண்டில், ‘நாத்திகர் ஒழிக’ என்று சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்று அரங்கத்தில் வைத்துக் கட்டளையிடப்பட்டபோது, சுற்றியிருந்த கூட்டத்தை நோக்கிக் கையைக் காட்டி அதைச் சொன்னதாக அவருடைய மரணத்தைப் பற்றிய பழைய வரலாறு கூறுகிறது. எரிக்கப்படப் போகிற மனிதருக்கு அந்த நேரத்தில் இருந்த நகைச்சுவை உணர்வில் காற்பங்கு நமக்கு இருந்தாலும் புகார் மனுக்கள் குறையும். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்’ என்பது மன்னனுக்குச் சொன்ன குறள். தவறைக் கண்டித்துச் சொல்வோர் இல்லாதவன், கெடுக்கும் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது பொருள்; சபைக் கமிட்டிக்கும் அது பொருந்தும். அந்தக் குறளையும் சேர்த்து 1886-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் ஐயர், நம் உதகையில் பள்ளிக்கூடம் நடத்திய பாதிரியார்தான்.

கேள்வி: கோயம்புத்தூரில் படிக்கும் என் மகன், தனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்கிறான். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் இரவுக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. கேட்டால், ‘நீங்கள் யாரும் அதன்படி நடக்கவில்லையே அம்மா’ என்கிறான். ஜெபத்துக்கு வராதவனுக்குச் சாப்பாடு கிடையாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறேன்.
(ஒரு தாய், கொடைக்கானல்)

பதில்: அம்மா, முதலில் பையனுக்குச் சோறு போடுங்கள். ஜெபத்துக்குக் கூலியாகச் சாப்பாடு போடும் வழக்கத்தை ஆண்டவர் ஏற்படுத்தவில்லை. ஐயாயிரம் பேரைப் பந்தி உட்கார வைத்தபோது யாருக்கு விசுவாசம் உண்டு என்று அவர் விசாரித்ததாகச் சுவிசேஷத்தில் இல்லை.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், எழுத இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து, இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள். படுக்கையிலிருக்கும் உங்கள் மாமியாருக்கு இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், குளிரில் எழுந்துபோய்க் கம்பளியைச் சரிசெய்வதும், வீட்டில் இருக்கும் நாட்களில் அந்தப் பையன்தான். மத்தேயு 21-இல் இரண்டு மகன்களின் கதை உண்டு. திராட்சத் தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொன்னபோது ஒருவன் ‘மாட்டேன்’ என்றான், பிறகு போனான். மற்றவன் ‘போகிறேன் ஐயா’ என்றான், போகவில்லை. இருவரில் யார் தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் என்று இயேசு கேட்டார். இதைப் பையனுக்குப் பிரசங்கமாகச் சொல்லிவிடாதீர்கள், அவன் உடனே கண்டுபிடித்துவிடுவான். அவன் அப்பாவிடம் காட்டுங்கள். ‘யாரும் அதன்படி நடக்கவில்லை’ என்று பையன் சொன்னானே, அவன் மனத்தில் இருப்பது எந்தக் காரியம், எந்த நாள் என்று அவர் ஒருமுறை, கோபப்படாமல், தானே கேட்கட்டும். பதில் கசப்பாக இருக்கலாம். பாதியாவது உண்மையாகவும் இருக்கும்.

இரவில் ஜெபம் முடியும்வரை அவன் பாட்டியின் அறையில் இருக்கட்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் அதற்குள் சோறு ஆறிவிடும் என்றால், ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.