மனச்சிதைவில் எத்தனை வகை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்ணனின் பழைய மருத்துவச் சீட்டில் 'பாரனாய்டு ஸ்கிசோஃப்ரீனியா' என்று இருந்தது. புதிய மருத்துவர் வெறும் 'ஸ்கிசோஃப்ரீனியா' (மனச்சிதைவு) என்றே எழுதுகிறார். நோய் மாறிவிட்டதா?

இல்லை, எழுதும் முறைதான் மாறியிருக்கிறது. பாரனாய்டு (சந்தேகம் மிகுந்தது), ஹெபிஃப்ரீனிக் (பேச்சும் நடத்தையும் சிதறியது), கேட்டடோனிக் (அசைவற்று உறைந்தது), எஞ்சிய நிலை என்றெல்லாம் முன்பு பிரித்தார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5 இந்த உட்பிரிவுகளை நீக்கியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-இலும் அவை இல்லை. காரணம், ஒரே ஆள் சில ஆண்டுகளில் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவார். பிரிவைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை. அதன் முந்தைய பதிப்பான ஐ.சி.டி.-10 புழங்கும் இடங்களில் எஃப்20.0 என்ற குறியீட்டை இன்றும் பார்க்கலாம். அது பழைய பாரனாய்டு வகைதான்.

தம்பிக்குக் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான், குளிப்பதுகூட இல்லை. சோம்பலா?

சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை நோயால் புதிதாக வந்து சேர்பவை. ஆர்வம், பேச்சு, முகபாவம், முனைப்பு குறைவது நோய் பறித்துக்கொள்பவை. இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். முதல் வகைக்கு மருந்து நன்றாக வேலை செய்யும், இரண்டாவதற்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அப்படி முடிவு செய்யுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும்: மனச்சோர்வு இருக்கிறதா, மருந்தால் தூக்கக் கலக்கமா, கைகால் விறைப்பும் நடையில் மந்தமும் உண்டா. மூன்றுமே சரிசெய்யக்கூடியவை. மனச்சோர்வுக்குத் தனிச் சிகிச்சை உண்டு; மற்ற இரண்டையும் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ மருத்துவர் தீர்க்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் குரல்கள் திரும்பிவிடும் அபாயம் அதிகம்.

ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம், ஸ்கிசோஅஃபெக்டிவ்: இவையும் இதன் வகைகளா?

பக்கத்து வீட்டுக்காரர்கள் எனலாம். டி.எஸ்.எம்.-5 கணக்குப்படி அறிகுறிகள் ஒரு மாதத்துக்குள் முழுமையாக அடங்கினால் குறுகிய மனப்பிறழ்வு (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை); ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம்; ஆறு மாதமும் அதற்கு மேலும் நீடித்தால்தான் ஸ்கிசோஃப்ரீனியா. முதல் சந்திப்பிலேயே பெயர் சொல்ல மருத்துவர் தயங்குவது இதனால்தான். ஸ்கிசோஅஃபெக்டிவில் கடும் மனச்சோர்வோ மிகையெழுச்சியோ (அளவுமீறிய உற்சாகம்) நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் இருக்கும். அது இல்லாமலும் குறைந்தது இரண்டு வாரம் குரலோ தவறான நம்பிக்கையோ இருந்திருக்க வேண்டும். எது எப்போது தொடங்கியது என்று தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு போங்கள். பெயரைத் தீர்மானிப்பதே அந்த வரிசைதான்.

அம்மா அசையாமல், பேசாமல், சாப்பிடாமல் இருக்கிறார். கேட்டடோனியாவா?

இருக்கலாம், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர்ச்சத்துக் குறைவும் கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவும் உயிருக்கே ஆபத்து. கேட்டடோனியா ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு மட்டும் உரியதல்ல. மனநிலைக் கோளாறுகளிலும் மூளை அழற்சியிலும் வரும். லோராசெபாம் ஊசிக்குப் பலர் வேகமாகத் தேறுகிறார்கள். தேறாவிட்டால் மின்னதிர்வு சிகிச்சை. மனப்பிறழ்வுக்கான மருந்து இந்த நேரத்தில் நிலையை மோசமாக்கக்கூடும். எனவே அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள். காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

இது ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருக்கும் நோய்தானே?

இல்லை. 1908-இல் சுவிஸ் மனநல மருத்துவர் ஒய்கன் பிளாய்லர் சூட்டிய 'ஸ்கிசோஃப்ரீனியா' என்ற பெயரில் 'பிளவு' என்ற பொருள் இருப்பதால் வந்த குழப்பம். அவர் சொன்னது எண்ணத்துக்கும் உணர்வுக்கும் இடையே விழும் பிளவை.