கேளுங்கள், சொல்கிறோம்: சாட் பூட் த்ரீயில் போங்கு

மூன்று சிறுமிகள் மாடியில் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். சாட் பூட் த்ரீ போட்டால் தினமும் என் மகளே மாட்டுகிறாள். மற்ற இருவரும் ஒரே வகுப்புத் தோழிகள். இது போங்கா, இவள் நேரமா?
– வாசகி, திண்டுக்கல்

நேர்மையாகப் போட்டால் உங்கள் மகள் தொடர்ந்து ஐந்து தடவை மாட்ட 243இல் ஒரு வாய்ப்புதான். முதலில் கைகளைக் கவனியுங்கள். 'த்ரீ' சொன்ன பிறகு, அடுத்தவள் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று புரட்டுவதுதான் வழக்கமான கள்ளத்தனம். கையை முதுகுக்குப் பின்னாலிருந்து நீட்டச் சொன்னால் அது நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். ஒருத்தி உள்ளங்கை, மற்றவள் புறங்கை என்று முடிவு செய்துகொண்டால் போதும். உங்கள் மகள் எதைக் காட்டினாலும் அவர்களில் ஒருத்தியோடு ஒத்துப்போவாள். தனித்து நிற்கும் இன்னொருத்தி 'பழம்' ஆகித் தப்பிவிடுவாள். மிச்சம் இருவர். துணைக்குக் கை கொடுக்க வருவது யார்? அதே தோழி! மறுபடி இருவரும் எதிரெதிராகக் காட்டுவார்கள். துணைக் கை தனித்து நின்றால் ஆட்டம் திரும்பப் போடப்படும். இல்லையென்றால் தோழி தப்பிப்பாள். உங்கள் மகள் தப்ப வழியே இல்லை. கெட்டிக்காரக் குட்டிகள்தான்!

மூன்று பேருக்கு விரல் எண்ணுவதே மேல். யாரிடமிருந்து எண்ணுவது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஆளுக்கு 1 முதல் 3 விரல் வரை ஒரே நேரத்தில் நீட்டி, கூட்டி, வட்டமாக எண்ண வேண்டும். 2, 3, 2 என்றால் மொத்தம் 7. எண்ணத் தொடங்கியவளே மாட்டினாள். மகள் ஒவ்வொரு முறையும் யாரும் ஊகிக்க முடியாதபடி விரல் காட்டினால், மற்றவர்கள் என்ன பேசிவைத்தாலும் பலிக்காது.

ஐந்து வயதுத் தம்பியும் ஓடிப்பிடித்து ஆட வேண்டும் என்று அழுகிறான். பெரியவர்கள் சேர்க்க மறுக்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்ப்பதுதான் பழைய வழி (சொல் அவ்வளவு நன்றாக இல்லை, 'ஒப்புக்கு' என்று மட்டும் சொல்லலாம்). அவனைத் தொட்டால் அவுட் இல்லை. ஆனால் ஓடும் பெரியவர்கள் அவன் பின்னால் மறைந்துகொள்ளக் கூடாது. இதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். சில நாளில், தன்னை யாரும் துரத்துவதில்லை என்று அவனே முறையிடுவான். அப்போது மூன்று தடவை தொட்டால் ஒரு அவுட் என்று மாற்றுங்கள்.