தனிக்குழு கேட்டால் சங்கம் உடையுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இனம், பாலினம் போன்ற அடையாளத்தை முன்வைத்து உரிமை கேட்கும் அடையாள அரசியல், சமூக நீதிப் போராட்டங்களைத் துண்டாடிவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அடையாளத்தைப் பேசாவிட்டால் சில அநீதிகள் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கினார்கள். 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்காததால், பணிமூப்பில் அவர்கள்தான் கடைசி. பெண்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்களே என்று சொல்லி, 1976இல் நீதிமன்றம் பாலினப் பாகுபாட்டை மறுத்தது. அப்படி இருந்தவர்கள் வெள்ளையினப் பெண்கள்! இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து வழக்காடவும் அனுமதிக்கவில்லை. இந்த ஓட்டையைத்தான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் விரிவாக எழுதிக் காட்டினார்.

கேள்வி: பிறகு பிளவு எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் எதிர்த்தரப்பிடமிருந்து. கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோக்கள் (பிலிப்பைன்ஸ் வம்சாவளித் தொழிலாளர்கள்) வேலைநிறுத்தம் செய்தால் தோட்ட முதலாளிகள் மெக்சிகோ வம்சாவளியினரை இறக்குவார்கள். அவர்கள் நிறுத்தினால் இவர்களை. 1965 செப்டம்பர் 8 அன்று அங்குள்ள டெலானோ ஊரில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினர். செப்டம்பர் 16 அன்று, மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக இருந்த சீசர் சாவேஸின் சங்கமும் சேர முடிவெடுத்தது. மறியலும் ஒன்று, சமையலறையும் ஒன்று. மறு ஆண்டு இரு சங்கங்களும் இணைந்தன. 1970இல் தோட்ட முதலாளிகளுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆனால் வெற்றிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கையில் சிறுபான்மையான பிலிப்பினோக்களின் குறைகள் தலைமைக்கு எட்டவில்லை என்ற வருத்தத்தில் இட்லியாங் 1971இல் விலகினார். ஒற்றுமையின் பெயரால் சிறிய தரப்பின் குரலை அமுக்கினாலும் சங்கம் ஆட்களை இழக்கும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பெண்கள் தனிக்குழு கேட்கிறார்கள். எப்படி அமைப்பது?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். தனிக்குழு பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கூடட்டும். அதன் தீர்மானம் நிகழ்ச்சிநிரலில் கட்டாயம் இடம்பெற வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பிரதிநிதிகளை அந்தக் குழுவே தேர்ந்தெடுக்கட்டும், குறைந்தது இரண்டு பேராக. ஒருவரை மட்டும் வைத்தால் அவர் வாயே அத்தனை பெண்களின் வாய் என்றாகிவிடும். அவர் விலைபோனாலோ சோர்ந்துபோனாலோ குழுவும் படுத்துவிடும்.

கோரிக்கையை எழுதுவதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ‘எங்களை மதியுங்கள்’ என்று எழுதினால் நிர்வாகம் ஒரு விழா நடத்திக் கணக்கை முடித்துவிடும். மாற்ற வேண்டிய விதி எது, யார் மாற்ற வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். ‘பிரசவ விடுப்பில் இருந்த மாதங்களைப் பணிமூப்பில் சேர்க்க வேண்டும்’ என்பது கோரிக்கை. அதோடு ‘நோய், விபத்து விடுப்புக்கும் இதுவே பொருந்தும்’ என்று ஒரு வரி சேர்த்தால் ஆண்களும் அதற்காகக் கை தூக்குவார்கள்.

விவாதத்தில் ‘உனக்கு இதைப் பேச என்ன தகுதி?’ என்று யாரையும் மடக்க விடாதீர்கள். அனுபவித்தவர் முதலில் பேசட்டும், அதற்கு நேரமும் கூடுதலாக ஒதுக்குங்கள். வாக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.